பானை போடாத சோப்பு

தொண்ணூறுகளில் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன சோப்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். துணி சோப்புக்குக் கையால் உறை சுற்றும் வேலை. எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். என் பக்கத்தில் இரும்புலியூரிலிருந்து வரும் அக்கா. அவர் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது.

ஒரு நாள் காலை புது உறை வந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு மண்பானைப் படம். பார்க்க நன்றாக இருந்தது. நான் மளமளவென்று சுற்றத் தொடங்கினேன். அக்கா மட்டும் உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாக்கா, லவ் லெட்டரா? இம்மாந்நேரம் படிக்கிற?” என்றாள் எதிரில் இருந்தவள். எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

அக்கா கேட்டார். “சார், இந்தப் பானைய நமக்கு யாரு குடுத்தாங்க?”

“யாரு குடுக்கணும்? பெரிய கம்பெனி சோப்புல கீது, நம்மளதுலயும் இருக்கட்டும்னு போடச் சொன்னேன்.”

“அதுல பானைக்குப் பக்கத்துல நம்பர் கீது சார். மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் இல்லன்னு டெஸ்ட் பண்ணி கவர்மென்ட் குடுக்குறது. நம்ம சோப்ப யாரு டெஸ்ட் பண்ணாங்க?”

கடையில் வாங்கும் எதையும் பொடி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் பிரிப்பார் அவர். எனக்கோ அந்தப் பானை பிள்ளையார் சுழி மாதிரி, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “சுத்துறதுன்னா சுத்து. இல்லன்னா வூட்டுக்குக் கெளம்பு.”

அக்கா கிளம்பவில்லை. உறையைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய ஒரு சோப்பைச் சுற்றி வைத்தார். “இப்டி சுத்துறேன் சார். வேலய நிறுத்தல.”

லவ் லெட்டர் என்று கிண்டல் செய்தவளும் தன் உறையைத் திருப்பினாள். பிறகு இன்னொருத்தி. முதலாளி அந்த வெள்ளைச் சோப்பைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். “கம்பெனி பேராவது தெரிய வேணாமா? ஆபீஸ்ல ரப்பர் ஸ்டாம்ப் கீது, எடுத்துனு வா” என்றார்.

அந்த உறைகள் தீரும்வரை சோப்பு வெள்ளையாகத்தான் வெளியே போனது. அடுத்து அச்சடித்ததில் பானை இல்லை. அக்கா வேலையில் இருந்தார்.

அன்று நான் பானையோடு சுற்றி முடித்திருந்தவை பதினொன்று. வாயைத் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தது. அக்கா அவற்றைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, திருப்பிச் சுற்றினார். கடைசி இரண்டை நான் வாங்கிச் சுற்றினேன்.