மடியில் அடுத்தவர் பை

தமயந்தி அக்காவுக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் அவளுடைய மடி கண்ணுக்குத் தெரியாது. நிற்கிறவர்களின் பைகள் எல்லாம் அங்கே வந்து குவிந்துவிடும். கல்லூரிப் பெண்ணின் தோள்பை, கரியாஹாட்டில் யாரோ வாங்கிய புடவைப் பொட்டலம், ஒருமுறை ஒரு கிழவருடைய தபலா. கொல்கத்தாவில் இது சாதாரணம். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வார். இறங்கும்போது பைக்காரர் எடுத்துக்கொண்டு போவார். நன்றி கூடச் சொல்வதில்லை. மற்றவர்கள் கேட்டு வாங்குவார்கள், அக்கா கேட்காமலே இழுப்பாள். அதுதான் வித்தியாசம்.

அவள் குடியாத்தத்துக்காரி. கணவர் முத்துகிருஷ்ணன் ராணுவத்தில் ஹவில்தார். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது குடும்பத்துக்கு குவார்ட்டர்ஸ் காலியில்லை என்று சொல்லிவிட்டதால், காளிகாட் பக்கம் எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே அக்கா தன் கதையைச் சொல்வாள். பி.காம். படித்தவள். பதான்கோட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள், ஜபல்பூரில் ஒரு கூரியர் கம்பெனியில். இரண்டிலும் ஒரே முடிவு.

"எந்த ஆபீஸா இருந்தாலும் முதல்ல சந்தேகமாத்தான் பாப்பாங்க. அப்புறம் மெல்ல மெல்ல நம்பி, பீரோ சாவியைக் கையில குடுப்பாங்க பாரு, அன்னிக்குத்தான் நான் அந்த ஆபீஸ் ஆளுன்னு அர்த்தம். எனக்கு சாவி வர்ற நேரமும் இவருக்கு மாத்தல் ஆர்டர் வர்ற நேரமும் ஒண்ணா இருக்குது. ஒரு தபா கூட சாவியைத் துருப்பிடிக்கற அளவுக்கு வெச்சிருந்ததில்ல."

"துருப்பிடிக்கற வரைக்கும் வெச்சிருந்தா பீரோ திறக்காதுடி" என்பார் முத்துகிருஷ்ணன் மாமா உள்ளேயிருந்து.

"நீங்க பேசாதீங்க. உங்களால வந்த வினை."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் தனக்கென்று ஒரு வேலை, அதில் தன்னை நம்பி ஒரு சாவி என்பது அவளுக்கு விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும்.

கொல்கத்தாவிலும் தேடிப் பிடித்தாள். ஹவுராவில் தராசும் எடைக்கல்லும் செய்கிற சின்ன ஃபாக்டரியில் பில் போடுகிற வேலை. ராஷ்பிஹாரி முனையிலிருந்து பஸ்ஸில் பாபுகாட், அங்கேயிருந்து லாஞ்சில் கங்கையைத் தாண்டி ஹவுரா, பிறகு நடை. முதல் நாள் பஸ்ஸில் ஒரே நெரிசல். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அக்காவின் பையைப் பிடித்து இழுத்தாள். அக்கா விடவில்லை. அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் இழுக்க, இவள் இரண்டு கையாலும் பற்ற, வார் அறுந்து, டிபன் டப்பா திறந்து, தயிர்சாதம் கண்டக்டரின் செருப்பு வரைக்கும் போய்விட்டது.

"ஆமி தோ தோர்ச்சிலாம்!" என்று கத்தினாளாம் அந்த அம்மாள். 'நான் பிடித்துக்கொள்ளத்தானே பார்த்தேன்' என்று அர்த்தம். அக்காவுக்கு அர்த்தம் அன்றைக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்து என்னிடம் அதே ராகத்தில் சொல்லிக்காட்டி அர்த்தம் கேட்டாள். நான் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அந்தம்மாவை நான் திருடின்னு தமிழ்ல திட்டிட்டேனே!"

"புரிஞ்சிருக்காதுக்கா."

"புரியாமயா? திட்டுக்கு எதுக்குடி பாஷை?"

அதற்குப் பரிகாரம் போலத்தான் அவள் நிற்கிறவர்களின் பைகளை எல்லாம் வாங்க ஆரம்பித்தாள். அவள் வங்காளம் கற்றுக்கொண்டதும் அந்தப் பைக்காரர்களிடமிருந்துதான். நான் பள்ளியில் இலக்கணத்தோடு படித்த பாஷையை, அவள் மாமியார் சண்டையும் மீன் விலையுமாக மடியில் வைத்துப் படித்தாள். எனக்கே தெரியாத வசவுகள் அவளுக்குத் தெரியும்.

ஹவுரா முதலாளி ஒருநாள் சாவியைக் கொடுத்தார். அக்கா காளிகாட் கோயில் வாசலிலிருந்து பேடா வாங்கி வந்தாள். டப்பாவைப் பிரிக்கும் முன்னால் மாமா வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க?"

"போர்ட் பிளேர்."

"தீவா?"

"தீவுதான். ஃபேமிலியும் வரலாம்."

அக்கா பேடாவை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. "அங்க இன்னா வேலை கிடைக்கும் எனக்கு?" என்று மட்டும் கேட்டாள். மாமா நிலைமையை லேசாக்கப் பார்த்தார்: "கடல்ல மீனுக்கெல்லாம் பில் போடு." அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

கிதிர்பூர் துறைமுகத்தில் போய் வழியனுப்பினோம். கப்பல் பிரயாணம் நாட்கணக்கில் என்று என் அம்மா புளிச்சாதமும் இஞ்சித் துவையலும் கட்டிக்கொடுத்தாள். கப்பல் ஏறும் வரிசையில் அக்கா தன் பெட்டியை மாமாவிடம் தள்ளிவிட்டு, முன்னால் நின்ற யாரோ ஒரு பெண்ணின் மூட்டையை வாங்கிக்கொண்டு போனதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. அந்த வருடமே நானும் இங்கிலாந்துக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் பழக்கம் வாட்ஸ்அப் குரல்செய்தியில். அவளுடைய செய்திகளில் எப்போதும் பின்னால் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

அங்கேயும் குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்கவில்லை. பேம்பூ ஃப்ளாட் என்கிற இடத்தில் வீடு. எதிர்க்கரையில் போர்ட் பிளேர். நடுவில் கடல் ஒரு கை போல உள்ளே வந்திருக்கும். ஃபெர்ரியில்தான் கடக்க வேண்டும். மனிதர்களும் ஸ்கூட்டர்களும் ஜீப்பும் ஒரே தளத்தில் நின்றுகொண்டு போகும். அக்கா தினமும் காலையில் சர்ட்டிஃபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போவாள். ஹோட்டல், மருந்துக்கடை, டிராவல்ஸ், பள்ளிக்கூடம். உட்கார வைப்பார்கள், டீ கொடுப்பார்கள், ஹவுராவில் பார்த்த வேலையைக் கேட்டு மெச்சுவார்கள். பிறகு, "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" ராணுவம் என்று சொன்னதும் காகிதங்கள் மேசையின் இந்தப் பக்கத்துக்கு வந்துவிடும்.

"'ஃபௌஜி ஃபேமிலியா? ரெண்டு வருஷத்துல போயிடுவீங்களே.' எல்லா இடத்துலயும் இதே பேச்சு. பொய் சொல்லலாம்னா, பொட்டு வெச்சு மறைக்கற விஷயமா இது? நான் பேசற இந்தியைக் கேட்டாலே கன்டோன்மென்ட்னு தெரிஞ்சுடுது" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். நான் அதை லீட்ஸில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டேன். என்னிடமும் அந்த வாரம் ஒருவர் விசா எப்போது முடிகிறது என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். அவளுடைய செய்தியையே இன்னொரு முறை கேட்டேன், காற்றுக்காக.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் வழக்கம்போல் வேலை இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். ஃபெர்ரியில் பெஞ்சில் இடம் கிடைத்திருந்தது. முன்னால் ஒரு வயதான பெண்மணி, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கனமான துணிப்பை, தள்ளாடிக்கொண்டு நின்றாள். அக்கா யோசிக்கவேயில்லை. கை தானாகப் போய் பையை இழுத்துவிட்டது.

"சோர்! சோர்!" என்று அந்தப் பெண்மணி அலறினாள். இந்தியில் திருடி என்று அர்த்தம்.

பை அவிழ்ந்தது. உள்ளேயிருந்தது நாட்டுக்கோழி. அது முதலில் அக்காவின் மடியில் குதித்து, அங்கிருந்து ஒருவர் தலைமேல் ஏறி, ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்தது. தளம் முழுவதும் கூச்சல். ஒரு போலீஸ்காரர் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு யார், எந்த ஊர், வீடு எங்கே என்று கேட்டார். மாமாவின் யூனிட் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று அவளுக்குப் பயம். இந்தி ஒரு வார்த்தை வரவில்லை. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஆமி தோ தோர்ச்சிலாம்! ஆமி தோ தோர்ச்சிலாம்!"

அந்தப் பெண்மணி குடையை இறக்கினாள். இவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வங்காளத்தில், "நீ கொல்கத்தா பஸ்ஸில் போனவளா?" என்று கேட்டாள்.

அவள் பெயர் நீலிமா பிஸ்வாஸ். தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்லூரிக்கு மட்டும் கொல்கத்தாவுக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். முதல் பஸ் பயணத்தில் யாரோ தன் புத்தகங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டதை நினைத்து அன்றிரவு விடுதியில் அழுதாளாம், அவ்வளவு வீட்டு நினைப்பில் இருந்த சமயம். போலீஸ்காரரைப் போகச் சொல்லிவிட்டு, "முதலில் என் கோழியைப் பிடி" என்றாள்.

கோழியை ஸ்கூட்டர்காரர் பிடித்துக் கொடுத்தார். இறங்குவதற்குள் அக்கா தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். நீலிமாவுக்கு அக்கரைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம். சின்னத் தீவுகளுக்குப் படகில் அரிசி, சோப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் போகும். பில் போட ஆள் தேவைதான். ஆனால் அவளும் அதையே சொன்னாள்.

"நீ போயிடுவியேம்மா. நான் பழக்கி வைப்பேன், ரெண்டு வருஷத்துல கப்பல் ஏறிடுவே."

நூறு இடத்தில் கேட்ட பேச்சு. மற்ற இடங்களில் அக்கா காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அன்றைக்கு மடியில் அந்தக் கோழிப் பை இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

"மாஷி, பஸ்ல உங்க புஸ்தகத்தை வாங்கினாங்களே, அவங்களை எந்த ஸ்டாப்ல இறங்குவீங்கன்னு கேட்டுட்டா குடுத்தீங்க?" என்று கேட்டாள். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி.

"இல்ல."

"அவங்க உங்களுக்கு முன்னாடியே இறங்கிட்டாங்கன்னா?"

"பக்கத்து சீட்டுக்காரி மடியில வெச்சுட்டு இறங்குவா."

"நானும் அப்படித்தான் இறங்குவேன்."

கரை வந்தது. நீலிமா பையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் அக்கா போனதும் நீலிமா முதல் வேலையாக பீரோ சாவியை மேசைமேல் வைத்தாள். அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "இன்னிக்கேவா?" என்றாள். "நீ சீக்கிரம் போறவ. நான் மெதுவா நம்பிகிட்டு உக்கார எனக்கு ஏது நேரம்?" என்றாளாம் நீலிமா. அந்தச் செய்தியை அக்கா ஃபெர்ரியில் நின்றுகொண்டே அனுப்பியிருந்தாள். சாவிக் குலுக்கல் காற்றையும் மீறிக் கேட்டது.

தீவில் இருந்த காலம் முழுவதும் காலையிலும் மாலையிலும் அந்தக் கடலைக் கடந்தாள். மழையில் நனைந்து, சில நாள் ஃபெர்ரி ஓடாமல் கரையிலேயே நின்று, ஸ்கூட்டர்களுக்கு நடுவே புளிச்சாதம் சாப்பிட்டு. தீவுக்காரர்களும் அவளுக்குப் பழகிவிட்டார்கள். பையை அவர்களாகவே மடியில் வைத்துவிட்டுக் கடல் பார்க்கப் போய்விடுவார்களாம். கோழி இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கிளம்பும் முன், புதிதாக வந்த, ராணுவத்தில் நாயக்காக இருந்த ஒருவரின் மனைவியைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டு, சாவியை நீலிமாவின் எதிரிலேயே அவள் கையில் கொடுத்தாள்.

மாமா ஓய்வு பெற்றதும் குடியாத்தம் போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்கா கொல்கத்தா என்றாள். ஹவுராவில் பழைய ஃபாக்டரிக்கே போய்க் கேட்டாள், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது கங்கைக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது. காளிகாட்டில் ஏறி எஸ்பிளனேடில் மாறினால் வியர்க்காமல் ஹவுரா போய்விடலாம். அக்கா இன்னும் பஸ்ஸும் லாஞ்சும்தான்.

"மெட்ரோல யாரு பையைக் குடுக்கறாங்க? எல்லாம் முதுகுல மாட்டிகினு போனைப் பாக்குதுங்க."

இந்தக் குளிர்காலத்தில் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் அவளோடு கிளம்பினேன். பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கு இல்லை. எல்கின் ரோடு வருவதற்குள் மடியில் மூன்று பைகள். அப்போது அவளுடைய போன் அடித்தது. நீலிமா. போர்ட் பிளேருக்குப் பெயரை மாற்றியும் நாளாகிவிட்டது, அக்காவின் போனில் அவள் இன்னும் 'போர்ட் பிளேர் மாஷி'தான். கடையில் இருந்த ஃபௌஜி வீட்டுப் பெண்ணுக்கு மாற்றல் வந்துவிட்டதாம்.

"இருக்கா மாஷி. ஹம்சினின்னு பேரு, இங்க நம்ம பக்கத்துத் தெரு. அவ வீட்டுக்காரருக்கு உங்க ஊருக்குத்தான் ஆர்டர் வந்திருக்குது. பயந்துகினு இருக்கா, அங்க வேலையே கிடைக்காதுன்னு. நான் பேசறேன். சாவியை வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

போனை வைத்துவிட்டு என் கைப்பையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. திரும்பிப் போகிற டிக்கெட், புதுப்பிக்கக் கொடுக்க வேண்டிய விசா காகிதங்கள், எல்லாம். வெளிநாட்டில் இத்தனை வருடத்தில் அந்தப் பையை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. என் விரல்கள் வாரை விடவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"இன்னாடி, கோழியா இருக்குது உள்ள?"

விட்டுவிட்டேன். மற்ற மூன்று பைகளுக்கும் மேலே அதை வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பிடித்துக்கொள்ள மேலே கம்பி இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.