ஏழாவது வார்த்தையும் பூ மழையும்

எங்கள் ஆயர் ஒருவர்தான். அவர் பார்க்க வேண்டிய சபைகளோ மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவர் வர முடியாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்ய எங்களில் சிலருக்கு அனுமதி உண்டு. அவர்களில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூட டீச்சர் என்பதால் தொண்டைக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு வாய்க்கிற ஞாயிறுகளைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை எல்லாம் ஆயருக்கு. மிச்சம் மீதி எனக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கினால் காப்பிப் பழம் பறிக்கிற காலமும் உச்சத்துக்கு வந்துவிடும். பழுத்ததைச் செடியில் விட முடியாது, உதிர்ந்துவிடும். சபையில் பாதிப் பேர் ஞாயிறும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். ஆண்டவருக்காக விழித்திருங்கள் என்று நான் காலி பெஞ்சுகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். வந்திருக்கிற சிலரும் வாரமெல்லாம் பறித்த அசதியில் நன்றாகத் தூங்குவார்கள். மே மாதத்தில் ஊர் பார்க்க வந்தவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் படம் பிடிப்பார்கள்.

பெந்தெகொஸ்தே முடிந்து வருகிற ஞாயிறுகளில் மழை. எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. மழை இறங்கிவிட்டால் பிரசங்கி வாயை மூடிக்கொள்ள வேண்டும், சபை பாட்டை எடுக்கும், மழை ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசலாம். இதுதான் இங்கே வழக்கம். சேலத்திலிருந்து வருகிற பிரசங்கிகள் சிலர் மழையோடு போட்டி போட்டுக் கத்திப் பார்ப்பார்கள். ஜெயித்தவர் யாருமில்லை. எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் பெரிய வெள்ளியைப் பற்றித்தான். அன்று உச்சிவேளையிலிருந்து மூன்று மணி வரை தியான ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பங்கு போட்டுக்கொண்டு பிரசங்கிப்போம். தம் உயிரைத் தகப்பன் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடுகிறாரே, அந்தக் கடைசி வார்த்தை வருஷா வருஷம் என் பங்கு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு முன்னால் பேசுகிற ஆறு பேரும் என் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். இரண்டாவது வார்த்தை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடையது. ஆண்டவரோடு சிலுவையில் தொங்கி மனம் திரும்பிய கள்ளனைப் பரதீசுக்குள் அனுப்பிவைக்க அவருக்கு மனசே வராது. வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்.

நான் பீடத்தில் ஏறும்போது மூன்றாகப் போகும். ஒண்டிக்கடை முக்கிலிருந்து கிளம்புகிற கொட்டச்சேடு பஸ் கோயில் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். அதை விட்டால் பொழுது சாயத்தான் அடுத்த பஸ். பழம் பறிக்கிற பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராக நழுவுவார்கள். ஆயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். நான் இரண்டு வாக்கியம் சொல்லி, ஜெபம் பண்ணி, அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். என் வீடும் கொட்டச்சேட்டில்தானே. தகப்பனுடைய அந்தக் கையைப் பற்றியும் அதில் ஒப்படைப்பதைப் பற்றியும் நான் எழுதி வைத்த பிரசங்கம் ஊறுகாய் மாதிரி வருஷக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை அதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

போன வருஷம் முன்கூட்டியே ஆயரிடம் சொல்லிவிட்டேன். "ஐயா, இந்தத் தடவ கடிகாரத்தத் தட்டுனீங்கன்னா நான் பீடத்த விட்டு எறங்கவே மாட்டேன்." அவர் சிரித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து நாட்களில் மலையில் ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் காலத்து முதல் மழையைப் பூ மழை என்போம். அது விழுந்தால்தான் காப்பி மொக்கு விரியும். பூவில்லை என்றால் காயில்லை, காயில்லை என்றால் பறிக்கிற வேலையும் இல்லை. என் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கொஞ்சம் செடியிலும் மொக்கு கருகத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் உபவாச ஜெபத்தில் மழைக்காகக் கேட்டோம். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

பெரிய வெள்ளி வந்தது. அதிகாரி வழக்கம்போலக் கள்ளனை வாசலில் நிறுத்தினார். ஆனாலும் ஆயர் கொஞ்சம் அதட்டி நகர்த்தியதால் எனக்கு ஓரளவு நேரம் மிஞ்சியது. பீடத்தில் ஏறினேன். முதல் வாக்கியத்தைப் பாதி சொன்னேன். கூரையில் டொம்மென்று ஒரு துளி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மொத்தமாகக் கொட்டியது.

அட ஆண்டவரே, இப்போதா! நான் வாயை மூடிக்கொண்டேன். சபை பாட்டை எடுத்தது. துக்க நாளின் பாட்டுதான், ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் பாடுகிற மாதிரிப் பாடினார்கள். எல்லா முகமும் கூரையைப் பார்த்து மலர்ந்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மழையைத் திட்டவும் முடியவில்லை, என் செடியும் நனைகிறதே. பிரசங்கத் தாளை மடித்துவிட்டேன்.

மழை தணிந்தபோது மூன்று தாண்டிவிட்டது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஆயர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினார். அப்போது, வருஷா வருஷம் ஹாரன் கேட்டதும் முதல் ஆளாக நழுவுகிற பழம் பறிக்கிற அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏனுங்க ஐயா, டீச்சரு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே."

"பஸ் நிக்குதேம்மா."

"போனாப் போவட்டுமுங்க. மழ வந்துருச்சு. ஊட்டுக்கு நனஞ்சுக்கிட்டே நடக்கறோம். நீங்க சொல்லுங்க டீச்சர்."

ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. ஹாரன் இன்னொரு தடவை அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் விபூதியோடு கண்டக்டர் வாசலில் தலையை நீட்டினார், சபையைப் பார்த்தார், தொப்பலாக நனைந்த சட்டையோடு பின்பெஞ்சில் உட்கார்ந்தார். ஆயர் தூக்கிய கையை இறக்கினார். தாளை விரித்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. யாரும் தூங்கவும் இல்லை.

பஸ் எங்களுக்காக நின்றது. வழி நெடுக மழைப் பேச்சுதான். எவ்வளவு பெய்திருக்கும், என்றைக்குப் பூக்கும், மிளகுக்கு ஆகுமா ஆகாதா. என் பிரசங்கத்தைப் பற்றி ஒரு சத்தம் இல்லை. வேறு நாளாக இருந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்கும். அன்று நானும் அவர்களோடு சேர்ந்து பூவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

இறங்குகிற இடத்தில் அந்த அம்மா படியில் நின்று திரும்பினார். "அடுத்த வருசமும் ஏழாவது உங்களுக்குத்தானுங்களே டீச்சர்?"

மழைக்காகக் கேட்டாரா, பிரசங்கத்துக்காகக் கேட்டாரா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. "எனக்கேதானுங்க" என்றேன்.