மரகதம் அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

வார நாட்களில் எனக்குப் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. ஞாயிறுதோறும் சோமனூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன்.

போன வருடம், எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி கம்பெனியைப் பார்வையிட வந்தார். தையல் பிரிவில் இருந்த மரகதம் அக்காவிடம், பாத்ரூம் போக விடுகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"ரெண்டு தடவைக்கு மேல போனா வையறாங்க. அதனால தண்ணியே குடிக்கறதில்லீங்க," என்றார் அக்கா.

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நோ கம்ப்ளெயின்ட்ஸ்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்மணி மகிழ்ச்சியோடு அக்காவின் கையைக் குலுக்கினார். ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நம்பி அக்காவும் சிரித்தார்.

சில மாதம் கழித்து அக்கா என் வகுப்பில் சேர்ந்தார். ஒரு ஞாயிறு, ஏமாற்றுவதற்கான ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதினேன். சீட், பிளஃப், டிசீவ். "ஒருத்தர் கண்ணை உல்லன் துணியால மூடறதுன்னும் சொல்லுவாங்க. நாம கண்ணுல மண்ணைத் தூவறதுங்கறோமே, அதுதான்," என்று விளக்கி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன்.

அக்கா எழுந்து, "மை சார் சீட்டட் எ லேடி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய் நின்றேன்.

"நோ கம்ப்ளெயின்ட்ஸ்னு சொன்னீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கத்தானுங்க சார் இங்க சேந்தேன்," என்றார்.

அந்தப் பெண்மணியின் மெயில் முகவரி என்னிடம் இருக்கிறது. உண்மையை எழுத நாலு வரி போதும். இன்னும் எழுதவில்லை.