கையேட்டில் யார் பெயர்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நண்பரின் மாடியறையில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடுவோம். தமிழில் கடிதம் அடிக்க ஒரு இலவச மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். யாரும் அதன் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். தொடங்கியவன் நான் என்பதால் தலைமை என்னுடையது, திமிரும் என்னுடையது. அதற்கான கையேட்டை எந்தக் கருவியில் எழுதுவது என்று இரண்டு மாதமாகச் சண்டை.

சண்டை ஓயுமுன்பே எங்களில் ஒருவன் எழுதி முடித்துவிட்டான். தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகிறவன். சுரங்கம் மூடி அவன் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். சிவாஜிநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதினோரு அத்தியாயத்தையும் வேர்டில் அடித்திருந்தான். கையேடு எழுதும் வேலைக்கு அவனுக்கு ஒரு கம்பெனியில் நேர்காணல் முடிந்திருந்தது. தன் பெயர் போட்ட கையேடு ஒன்றைக் காட்டினால் வேலை நிச்சயம்.

"வேர்டா? இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்றேன். மற்ற மூவரும் சிரித்தார்கள். தலைப்பு, பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் டேக் என்ற குறியைப் போட்டு எழுதினால் ஒரே கோப்பிலிருந்து இணையப் பக்கமும் அச்சுப் புத்தகமும் எடுக்கலாம் என்று பாடம் நடத்தினேன்.

"அந்த டூலெல்லாம் சென்டர்ல போட வுட மாட்றாங்கண்ணா. எதுல எழுதினா என்ன, படிக்கறவனுக்குப் புரிஞ்சா போதாதா?"

அவன் கேட்டது நியாயம். அதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டையும் வாங்கிச் சோதித்துப் பார்த்தவர்கள் என் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அவன் கையேட்டைத்தான் புகழ்ந்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரமே அவன் எழுதியதை ஒரு சொல் மாற்றாமல், டேக் மட்டும் போட்டு எங்கள் இணையத் தளத்தில் ஏற்றினேன். ஏற்றுகிறவன் பெயர் கையேட்டின் முகப்பில் தானாகப் பதிவாகும், எழுதியவன் பெயரை நாமாகச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை.

"என் பேரு காணமேண்ணா," என்று போன் செய்தான்.

"ரெண்டு அத்தியாயம் நீயே டேக் போட்டு எடுத்துட்டு வா. அப்பறம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். "மேனுவல் முழுக்க தானே எழுதினதா சொல்றார். அதுல உங்க பேர்தானே சார் இருக்கு?"

"டைப்பிங்ல கொஞ்சம் ஹெல்ப் பண்ணார்," என்றேன். நாக்கு கூசவில்லை. போனை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

ஞாயிறன்று அவன் ஃப்ளாப்பியோடு வந்தான். கருவி எதுவும் இல்லாமல், நோட்பேடில் ஒவ்வொரு டேகையும் கையால் அடித்திருந்தான். இரண்டு கேட்டேன், பதினொன்றையும் முடித்திருந்தான். பிழை இருக்கிறதா என்று ஆசையோடு சோதனை ஓட்டினேன். ஒன்றுகூட இல்லை. மூவரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியின்றி அவன் பெயரைச் சேர்த்தேன். திரையில் அதை அவன் இரண்டு முறை படித்தான்.

"கம்பெனிலேர்ந்து உங்கள விசாரிப்பாங்களாம்ணா. போன் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"நல்லவேளண்ணா. பேரு வந்தப்பறம் பண்ணட்டும்," என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கக் கீழே இறங்கினான்.