கோல்ஃப் பார்க்கப் போன கண்டக்டர்

டப், டப்!

உள்ளே குளியலறைக் கதவு அதிர்ந்தது கூடம்வரை கேட்டது. "இறங்குறவங்க சட்டுனு இறங்குங்க! முகம் கழுவ இவ்வளவு நேரமா? வந்தவரு காத்துக்கிட்டிருக்காரு!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த கோல்ஃப் நடுவர் நிமிர்ந்து பார்த்தார். கதவைத் தட்டியவரின் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தத் தட்டலை விசாரிக்க அந்த மனிதர் வந்திருக்கிறாரோ, அதே தட்டல் அல்லவா அது!

தட்டியவர் பஸ் கண்டக்டர். டிப்போவில் 'டபுள்' என்றால்தான் அவரைத் தெரியும். தகரத்தில் இரண்டு தட்டு தட்டி வண்டியைக் கிளப்பியே பழகிய கை, வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பால் பொங்கத் தாமதமானால் அடுப்பு மேடையில் இரண்டு தட்டு. ஃபிரிட்ஜை மூடினால் இரண்டு தட்டு. பிரசவ அறைக் கதவையே தட்டியவர். "நர்ஸம்மா வெளிய வந்து, 'இது என்ன பஸ்ஸா?'ன்னு கத்துச்சு. கத்தி வாய மூடல, எம் பொண்ணு பொறந்துட்டா!" என்று பெருமையாகச் சொல்வார்.

அவர் வண்டியின் கடைசி நிறுத்தம் கோல்ஃப் மைதானத்தின் வாசல். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடக்கும். அப்பாவோடு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்த சிறுமி ஒரு நாள் வேடிக்கை பார்க்க உள்ளே போனாள். போனவள் போனவள்தான். இப்போது பதினைந்து வயது. போன வாரம் தகுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதல் இருவருக்கு சர்வதேச ஜூனியர் போட்டியில் இடம் உண்டு. பல நாட்டுப் பிள்ளைகள் ஆடும் போட்டி அது. அங்கே கண்ணில் பட்டவர்களை, செலவை ஏற்றுப் படிக்கவைக்கக் கல்லூரிகளே தேடி வரும்.

அந்தத் தகுதிப் போட்டியில்தான் வினை வந்தது. மகள் ஆடும்போது, பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற டபுள், பக்கத்திலிருந்த பலகையில் இரண்டு தட்டு தட்டிவிட்டார். தட்டி சைகை காட்டி மகளுக்கு யோசனை சொன்னார் என்று இன்னொரு பெண்ணின் அம்மா புகார் கொடுத்துவிட்டாள். குறைந்த அடிகளில் முடிப்பவரே ஜெயிக்கும் ஆட்டம் அது. புகார் உண்மையென்றால் மகள் கணக்கில் இரண்டு அடி ஏறும். கிடைத்த இடம் கைநழுவிப் போகும். அன்றிலிருந்து மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "தட்டவே இல்லன்னு சொல்லிடுங்க. கொசு அடிச்சேன்னு சொல்லுங்க."

"பலகையிலயா கொசு?"

"ஏன், பலகையில கொசு உக்காரக் கூடாதா?"

டபுள் கூடத்துக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நடுவர் நேராகக் கேட்டார். "தட்டினீங்களா?"

குளியலறையிலிருந்து வந்த மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அழுது வீங்கிய கண்கள். 'இல்லை' என்ற ஒரு சொல், அவளுக்கு உலகத்தையே வாங்கிக் கொடுத்துவிடும். ஆனால் டிக்கெட் எடுக்காமலே எடுத்தேன் என்று சாதிக்கும் முகங்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர். அந்த முகம் அவருக்கு ஒட்டவில்லை.

"தட்டினேன் சார்."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணுக்கு மட்டுமா?"

"எல்லாப் புள்ளைக்கும்தான். வண்டியில நம்ம ஆளு, அடுத்த ஆளுன்னு பாத்தா தட்டுறோம்? பந்தையே பாத்துக்கிட்டு அப்படியே நிக்குதுங்க சார். எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது, கை தானா போயிடுது. எந்தக் குச்சி எதுக்குன்னுகூட எனக்குத் தெரியாது. தண்டனைய எனக்குக் குடுங்க. அவ மேல எழுதாதீங்க."

நடுவர் எழுந்தார். "புகார் குடுத்தவங்களோட பொண்ணு நேத்து எனக்கு போன் பண்ணிச்சு. 'அந்த அங்கிள் எனக்கும்தான் தட்டினாரு, எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க'ன்னு. நீங்க தட்டவே இல்லன்னு சொல்லியிருந்தா, உங்கள எப்படி நம்புறது? எல்லாருக்கும் தட்டினா அது யோசனை ஆகாது, தண்டனை கிடையாது. உங்க பொண்ணு ஆடலாம். ஆனா அங்க ஒரு சின்ன சத்தம் வந்தாலும் நான் பொறுப்பில்ல."

மனைவி முந்தானையில் முகம் புதைத்தாள். டபுள் நாற்காலியை விட்டு எழுந்தார். "நான் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன் சார். அவ போயி நல்லா ஆடட்டும். நான் வீட்டுலயே கெடக்கேன்."

"வருவாரு சார்," என்றாள் சுவரோரம் நின்றவள். "நான் பாத்துக்கறேன்."

நடுவர் சிரித்தபடி விடைபெற்றார். மகள் வாசல்வரை போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தன் பையைத் துழாவி, ஆட்டத்தில் மாட்டும் தோல் கையுறையை எடுத்தாள். அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, அவருடைய இடது கையைப் பிடித்தாள். டிக்கெட் கிழிப்பது வலது, தட்டுவது இது. ஒவ்வொரு விரலாக உள்ளே நுழைத்தாள். பாதி விரலில் கையுறை நின்றுவிட்டது. அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.