மன்றாட்டில் வைத்த கட்டுரை

நெருக்கடி நிலைக் காலத்தில் நான் தூத்துக்குடியில் வக்கீல். கட்சிக்காரர்கள் குறைவு, ஆகவே சட்ட ஆராய்ச்சிக்கு நேரம் தாராளம். அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை தரும் பத்தொன்பதாம் பிரிவை அரசு முடக்கியிருந்தது. மதச் சுதந்திரம் தரும் இருபத்தைந்தாம் பிரிவில் கைவைக்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு வக்கீல் சங்க மலருக்கு நீண்ட கட்டுரை எழுதினேன். வாதம் இதுதான்: கடவுளிடம் உரக்கப் பேசுவது வழிபாடு. அது பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தால் குற்றமாகாது. எனவே பேச்சின் கழுத்தை நெரித்துவிட்டு மதத்தை மட்டும் உயிரோடு வைத்திருக்க முடியாது.

தணிக்கை அதிகாரி கட்டுரை முழுவதையும் அடித்துவிட்டு அடிக்குறிப்புகளை மட்டும் அனுமதித்தார். தேறக்கூடியது அதுதான் என்று என் மனைவியும் சொன்னாள். வந்ததே எனக்குக் கோபம். யார் காதிலாவது அதைப் போட்டே தீர்வது என்று முடிவுசெய்தேன். அச்சகத்தார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூட்டம் போடத் தடை.

மாதா கோயில் ஒன்றுதான் மிச்சம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியபின் எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் வந்திருந்தது: மன்றாட்டு நேரத்தில் யாரும் எழுந்து தன் வேண்டுதலைச் சொல்லலாம். வலையில் மீன் பட வேண்டும், மருமகள் வாய் அடங்க வேண்டும், எதுவானாலும் சரி. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை யோசிக்காமல் பதில் சொல்லும்.

"உள்ள வச்சுட்டாவன்னா ஜாமீனுக்கு வேற வக்கீலைத்தான் பாப்பேன்," என்றாள் மனைவி.

ஞாயிறன்று எழுந்தேன். பேசியதற்காகச் சிறையில் இருப்போருக்காக என்று தொடங்கி, பத்தி பத்தியாகக் கட்டுரையை ஆண்டவரிடம் ஒப்பித்தேன். தீர்ப்புகளின் பக்க எண்ணைச் சொன்னபோதும் சபை தளராமல் பதில் சொன்னது. எந்த நீதிமன்றமும் என் வாதத்தை இப்படி ஏற்றதில்லை. கடைசி வரிசையில் மப்டியில் இருந்த ஏட்டும் கைகூப்பிப் பதில் சொன்னார். அவரும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். பாதிக் கட்டுரையில் சாமியார் இருமிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

வாசலில் ஏட்டு காத்திருந்தார்.

"வக்கீலய்யா, நீங்க பேசுனதை இன்ஸ்பெக்டர் எழுதித் தரச் சொல்லிக் கேப்பாவ."

"பேசல ஏட்டையா. செபிச்சேன்."

"நானும்லா சேர்ந்து சொல்லித் தொலைச்சேன். ரிப்போர்ட்டுல அதை எப்பிடி எழுத?"

"அது உம்ம பாடு. சாமிகிட்ட சொன்னதைச் சர்க்காருக்கு எழுதித் தரமாட்டேன். வேணும்னா அடுத்த ஞாயித்துக்கிழமை அவரையும் வந்து முழங்கால் போட்டுக் கேக்கச் சொல்லும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வாரம் முழுக்க ஜீப் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பொது ஒழுங்குக்கு உட்பட்டு என்று இருபத்தைந்தாம் பிரிவிலேயே ஒரு வரி உண்டு. இன்ஸ்பெக்டர் அதைப் படித்திருந்தால் நான் தொலைந்தேன். ஞாயிறு வந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.