கொடியில் காய்ந்த கீபோர்டு

2005-இல் பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை, மரக்காணத்தில் நான் நூலகராக இருந்த கிளை நூலகத்தின் ஒரே கீபோர்டு, கொல்லைப்புறத் துணிக்கொடியில் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இன்று நூலக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எந்தப் பயிற்சியிலும் இதற்குப் பாடம் கிடையாது.

கழுவியது சரோஜா. காலையில் நூலகத்தைப் பெருக்கிவிட்டு உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார், அவர் மகள் தேவிக்கும் ரிசல்ட்.

"அளத்துலேர்ந்து வர்றவங்க தொட்டுத் தொட்டு உப்பு பூத்துப் போயிருந்துச்சு மேடம். எம் பொண்ணு நம்பர அடிக்கப் போறது, நல்ல தண்ணில அலசி வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன். ஆனால் எங்கள் கரையில் சைக்கிள் செயின், மண்வெட்டி, பம்பு ஸ்டவ் எல்லாவற்றுக்கும் இதுதான் வைத்தியம். உப்புப் பட்டால் நல்ல தண்ணீரில் அலசு, வெயிலில் வை. நானே என் குடையை அப்படித்தான் அலசுவேன். பிறகு எந்த வாயால் திட்டுவது?

வாசலில் பாதி ஊர் நின்றது. பிரவுசிங் சென்டருக்குத் திண்டிவனமோ பாண்டியோ போகவேண்டிய காலம் அது. இங்கே இலவசம் என்பதால் எக்கியார்குப்பத்திலிருந்துகூட ஹால் டிக்கெட்டும் கையுமாக வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால், வெள்ளை வேட்டியில் சரோஜாவின் தம்பி முருகன். தேவி பாஸ் என்றால் நர்சிங், பெயில் என்றால் ஆவணியில் அவர் மகனோடு கல்யாணம் என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள். மனிதர் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மாதிரி அட்டையே கொண்டுவந்திருந்தார். அதில் பிள்ளையார் படம் வேறு.

தேவி புத்தக அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முகத்தைக் காட்டவே இல்லை.

கீபோர்டைத் துடைத்து, உதறி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, வேண்டாத தெய்வமில்லாமல் வேண்டி மாட்டினேன். மோடம் கீச்சிட்டு லைனைப் பிடித்தது. பக்கமும் வந்தது. எண்களை அடித்துப் பார்த்தேன். வலப்பக்க எண்கள் மொத்தமும் செத்திருந்தன. மேல் வரிசையில் எல்லாம் உயிரோடு இருந்தன, 5 மட்டும் இல்லை.

தேவியின் நம்பரில் 5 இருந்தது. தேவிக்கு மட்டுமா, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நம்பரே 5-இல்தான் தொடங்கியது. எனக்கு அழுகை வராமல் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கிறேன் என்று சரோஜாவும் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஃபெயிலாக்கா?" என்றார் முருகன், ஆசையாக.

அப்போதுதான் திரையில் தலைப்பைப் பார்த்தேன். தேர்வு முடிவுகள், 2005. கடைசியில் கொழுகொழுவென்று ஒரு 5. மவுஸால் அதை மட்டும் தடவி, ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்தேன். கட்டத்தில் பேஸ்ட் செய்தேன். ஒட்டிக்கொண்டது. மற்ற எண்களை அடித்தேன். பக்கம் மேலிருந்து இன்ச் இன்ச்சாக இறங்கியது. முதலில் பெயர், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம். எல்லோரும் என் தோள்மேல் சாய்ந்திருந்தார்கள்.

பாஸ். உயிரியலில் நல்ல மார்க்கு.

'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று முதலில் கூவியது நான்தான். தேவி என்னைக் கட்டிக்கொண்டாள். அதன்பின் மாலைவரை அந்த ஒரே 5-ஐ ஊருக்கெல்லாம் ஒட்டினேன். தாளம் போட்டு ஒட்டினேன் என்றே சொல்லலாம். திரையிலேயே ஒரு கீபோர்டைத் திறக்க முடியும் என்று பிறகு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். தெரியாமல் போனதே நல்லது, தெரிந்திருந்தால் அந்தக் கும்மாளம் கிடைத்திருக்காது.

முருகன் பத்திரிகை மாதிரியை மடித்துப் பையில் வைத்தார். சரோஜா விடவில்லை.

"டேய், பத்திரிக அடிக்கப் பாண்டிக்குத்தான போறதா இருந்த? அந்தக் காசுல மேடத்துக்கு ஒரு கீபோர்டு வாங்கியா."

வாங்கி வந்தார். வேட்டி கசங்காமல், முகம் மட்டும் கசங்கி.

நான் கற்றது இவ்வளவுதான். நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தால், ஊர் அதைத் தன் வழக்கப்படிதான் வைத்துக்கொள்ளும், அதற்குத் தயாராக இருங்கள். புதிய கீபோர்டின் பிளாஸ்டிக் உறையைச் சரோஜா கடைசிவரை கழற்ற விடவில்லை. அதன் மேலேயே தட்டித்தான் நாங்கள் முதன்முதலாகத் தேடினோம், நர்சிங் விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று. தட்டியது தேவி.